திரைக்குள் வாழும் தட்டச்சுப் பொறி

புணே நகரின் வடகிழக்கே, லோகேகாவ் விமான தளத்தை அடுத்து எழுந்த குடியிருப்புக்கு விமான் நகர் என்று பெயர் வாய்த்ததில் வியப்பில்லை. வீட்டு மாடியில் நின்றால் இறங்கும் விமானத்தின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பேட்டையிலும் அதைச் சூழ்ந்த சாலைகளிலும் உள்ள உயர்ந்த கட்டடங்களில், பல மாநிலங்களிலிருந்தும் உத்தியோகம் நாடி வந்தவர்கள் கணிப்பொறியின் முன் அமர்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவரும் பலர்.

அத்தகைய அலுவலகம் ஒன்றில் எந்த நாளும் நிகழக்கூடிய ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்ணப் படங்களும் சிறு சிறு ஜன்னல்களும் நிறைந்த திரை அது. அவற்றின் நடுவே படமோ வண்ணமோ இல்லாத கறுப்பு ஜன்னல் ஒன்று. அதற்குள்ளே யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் என்னும் அமைப்புக்கு அவர் எழுத்துக்களால் கட்டளையிடுகிறார். எழுதியதைச் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்திவிடுகிறார். அவ்வளவுதான், ஜன்னல் உறைந்து போகிறது. எதைத் தட்டினாலும் எழுத்து விழவில்லை. பக்கத்து மேஜையிலிருந்த மூத்தவர் எழுந்து வந்து, கண்ட்ரோலையும் கியூவையும் சேர்த்து ஒரு முறை அழுத்துகிறார். அதுவரை தட்டிய எழுத்துக்கள் எல்லாம் மளமளவென்று திரையில் வந்து விழுகின்றன. "இது என்ன மாயம் அண்ணா?" என்று இளைஞர் கேட்கிறார். "எப்போதோ யாரோ சொல்லிக் கொடுத்தது தம்பி, காரணம் எனக்கும் தெரியாது" என்கிறார் மூத்தவர்.

காரணத்தை அறிய நாம் அறுபது ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். போகும் வழியில் நம் தாய்மொழியின் கதையும் எதிர்ப்படும். அதில் ஒரு பகுதி அந்த விமான் நகரிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்தால் எட்டக்கூடிய இடத்தில் நடந்தது.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலிடைப் கம்பெனி, 33-ஆம் மாதிரி என்ற தொலைத் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தந்தி அலுவலகங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும் 'டெலிபிரிண்டர்' என்று நம் முன்னோர் அறிந்திருந்த யந்திரத்தின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். ஒரு வினாடிக்கு 10 எழுத்து. ஒரு வரிக்கு 72 எழுத்து. அதுவும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கள் மட்டுமே. திரை கிடையாது. தட்டியதும், கணிப்பொறி பதிலாகச் சொல்வதும், சுருள் காகிதத்தில் ஓசையோடு அச்சாகும். விலை குறைவாக இருந்ததால், கணிப்பொறியோடு மனிதன் பேசும் வாயாக இந்த யந்திரம் பல இடங்களிலும் அமைந்துவிட்டது.

1969-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸை ஆக்கத் தொடங்கியபோது அவர்கள் கைக்கு எட்டியவை டெலிடைப் பொறிகளே. ஆகவே யூனிக்ஸ் தன் முனையங்களுக்கு 'டிடிஒய்' என்று பெயரிட்டது. டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. அந்த யந்திரத்தின் குணங்களை அமைத்துக்கொடுக்கும் ஏவலுக்கு 'எஸ்டிடிஒய்' என்று பெயர். டெலிடைப்பை அமை என்பது பொருள். 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதற் கையேட்டிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. இன்று விமான் நகரின் கறுப்பு ஜன்னலில் நாம் எஸ்டிடிஒய் என்று தட்டினாலும் அது பதில் சொல்கிறது. டெலிடைப் பொறி காட்சிசாலைக்குப் போய்விட்டது. அதற்கென எழுந்த ஏவல் மட்டும் வேலையில் நீடிக்கிறது.

அந்த உறைந்துபோன ஜன்னலை இப்போது பார்க்கலாம். 33-ஆம் மாதிரியின் ஒரு வகையில் காகித நாடாவைப் படிக்கும் கருவி இணைந்திருந்தது. கணிப்பொறி மெதுவாக விழுங்கும். நாடாவோ ஓடிக்கொண்டே இருக்கும். "நிறுத்து" என்று சொல்வதற்கு 19-ஆம் எண்ணும், "தொடங்கு" என்று சொல்வதற்கு 17-ஆம் எண்ணும் ஏற்பட்டன. கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்தால் பிறப்பது 19. கண்ட்ரோலையும் கியூவையும் சேர்த்தால் பிறப்பது 17. பின்னர் கண்ணாடித் திரைகள் வந்தபோது, வேகமாக ஓடும் வரிகளைப் படிப்பதற்காக நிறுத்திவைக்கவும் அதே எண்கள் பயன்பட்டன. நம் இளைஞர் அழுத்தியது சேமிக்கும் விசையன்று. நாடாவை நிறுத்தும் விசை. அது வேண்டாம் என்றால், எஸ்டிடிஒய் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு இட்டு, 'ஐஎக்ஸ்ஆன்' என்று சேர்த்தால் போதும். அந்த ஜன்னலில் அதன் பின் கண்ட்ரோல்-எஸ் எவரையும் நிறுத்தாது. இதை எல்லோரும் செய்துகொள்ளலாம் என்பதே நம் அபிப்பிராயம். காகித நாடா வைத்திருப்பவர்கள் மட்டும் விலக்கு.

பிழையை அழிக்கும் விசையின் சரித்திரம் இதைவிடச் சிக்கலானது. காகிதத்தில் அச்சான எழுத்தை எப்படி அழிப்பது? முடியாது. ஆகவே ஆரம்ப கால யூனிக்ஸில், தவறான எழுத்துக்குப் பின் ஒரு வேலிக்குறியைத் தட்டினால் முந்திய எழுத்து நீங்கியதாகக் கொள்ளப்பட்டது. மின்னஞ்சல் முகவரியில் இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தட்டினால் வரி முழுவதும் ரத்து. நாடாவில் துளையிடுவோருக்கு வேறொரு வழி இருந்தது. தவறான எழுத்து நின்ற இடத்துக்கு நாடாவைப் பின்னே நகர்த்தி, ஏழு துளைகளையும் குத்திவிடுவார்கள். எந்த எழுத்தாக இருந்தாலும் எல்லாத் துளையும் விழுந்தால் அடையாளம் தெரியாமல் போகுமன்றோ? ஏழு துளையும் விழுந்த எண் 127. அழித்தல் என்னும் குறிக்கு 127 என்ற எண் வந்தது இவ்வாறுதான். ஓர் இடம் பின்னே நகர் என்பதற்கு 8 என்ற எண் தனியே இருந்தது.

ஒன்று அழிப்பது, ஒன்று நகர்வது. பேக்ஸ்பேஸ் விசை எதை அனுப்ப வேண்டும்? ஒரு சாரார் 8 என்றனர். மற்றொரு சாரார் 127 என்றனர். ஜன்னல் 8-ஐ அனுப்ப, யூனிக்ஸ் 127-க்குக் காத்திருந்தால், அழிக்கும் விசையை அழுத்தும்தோறும் கூரைக் குறியும் ஹெச் எழுத்தும் திரையில் குவியும். மறுதலையாக நேர்ந்தால் கூரைக் குறியும் கேள்விக்குறியும் குவியும். இந்த விகாரத்தைக் காணாத யூனிக்ஸ்காரர் இருக்க முடியாது. தீர்வு எளிது. எஸ்டிடிஒய், இடைவெளி, 'இரேஸ்', இடைவெளி. அதன் பின் அந்த முரட்டு விசையையே அழுத்தி, என்டரைத் தட்ட வேண்டும். "இனி இது அனுப்புவதே அழிப்புக் குறி" என்று யூனிக்ஸ் ஏற்றுக்கொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு செய்யும்போது நாம் விசைப்பலகையையும் மாற்றவில்லை, ஜன்னலையும் மாற்றவில்லை. இரண்டு தரப்புக்கு இடையில் இருந்த உடன்படிக்கையைத்தான் மாற்றினோம். முனையத்தின் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இரு தரப்பும் பழுதின்றி இருக்கும். எதிரே இருப்பது எத்தகைய யந்திரம் என்பதில் மட்டும் அவற்றுக்கிடையே கருத்து வேற்றுமை.

பழைய உடன்படிக்கையில் இன்னும் பல விசித்திர விதிகள் உண்டு. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: அச்சுத் தலை இடக்கோடிக்குத் திரும்ப வேண்டும், காகிதம் ஒரு வரி மேலேற வேண்டும். முதலாவதற்கு 13, இரண்டாவதற்கு 10. என்டர் விசை அனுப்புவது 13. யூனிக்ஸ் வரி முடிவாகக் கொள்வது 10. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. ஏதேனும் ஒரு நிரல் அரைகுறையாக மடிந்து அந்த மொழிபெயர்ப்பு நின்றுவிட்டால், என்டரை எத்தனை முறை அழுத்தினாலும் வரி முடியாது. அப்போது கண்ட்ரோலையும் ஜே-யையும் சேர்த்து அழுத்தினால் 10 நேரே செல்லும். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் கண்ட்ரோல்-ஜே, பிறகு 'எஸ்டிடிஒய் ஸேன்', பிறகு மீண்டும் கண்ட்ரோல்-ஜே என்று, திரையில் எதுவும் தெரியாத போதும் குருடனைப் போலத் தட்டிக் காப்பாற்றிவிடுவார்கள். ஸேன் என்றால் தெளிந்த புத்தி. "புத்தி தெளிக" என்று ஜன்னலுக்குச் சொல்லும் கட்டளை அது. பெயரிட்டவர் நகைச்சுவை உடையவர் போலும்.

பெரிய எழுத்து மட்டுமே உள்ள பொறிகளுக்கும் ஒரு சலுகை இருந்தது. பயனாளர் தம் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் தட்டி நுழைந்தால், "பாவம், இவரிடம் சிறிய எழுத்து இல்லாத பொறி இருக்கிறது" என்று யூனிக்ஸ் இரக்கம் காட்டி, அவருக்கு எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே காட்டும். பூட்டு விசை அழுந்தியிருந்ததை அறியாமல் நுழைந்தவர்கள் இந்த இரக்கத்தில் சிக்கித் திகைத்த காலம் உண்டு.

பிறகு காகிதம் போய்க் கண்ணாடி வந்தது. 1978 ஆகஸ்டில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி வெளியிட்ட வி.டி.100 என்ற திரை முனையம் ஓர் அளவுகோலாயிற்று. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80 என்ற எண்ணும் 1928-இல் ஐ.பி.எம். வெளியிட்ட துளை அட்டையிலிருந்து வழிவழி வந்தது. கண்ணாடித் திரையில் எந்த மூலையிலும் எழுதலாம், அழிக்கலாம், எழுத்தை ஒளிரச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் முனையமும் இதற்கு வெவ்வேறு சங்கேதம் கேட்டது. நூறு வகை முனையத்துக்கு நூறு வகை நிரல் எழுதுவதா? கலிபோர்னியாவின் பெர்க்லியில் பயின்ற பில் ஜாய் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு முனையத்தின் குணமும் அடங்கிய அகராதி ஒன்றை அமைத்து அதற்கு 'டெர்ம்கேப்' என்று பெயரிட்டார். 'டெர்ம்' என்ற மாறியில் முனையத்தின் பெயரைக் குறித்தால், நிரல்கள் அகராதியைப் புரட்டித் தக்க சங்கேதத்தை அறிந்துகொள்ளும். பின்னாளில் அதன் இடத்தில் 'டெர்மின்ஃபோ' வந்தது, கொள்கை அதுவே.

எக்ஸ் ஜன்னல்களின் காலம் 1984-இல் பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் ஜன்னல் அமைப்பு உருவான அதே கோடையில், மார்க் வாண்டெவூர்டே என்னும் மாணவர் ஒரு திரை முனையப் போலியை எழுதினார். அதுவே 'எக்ஸ்டெர்ம்' ஆயிற்று. வி.டி. குடும்ப முனையம்போல் நடிப்பது அதன் தொழில். யூனிக்ஸின் பக்கத்தில், கம்பி ஏதும் இல்லாமலே கம்பி இருப்பதாக நடிக்கும் போலி டிடிஒய்-களை 1983-இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 அளித்திருந்தது. ஆக, ஒரு புறம் நடிக்கும் முனையம்; மறுபுறம் நடிக்கும் கம்பி; நடுவில் உண்மையான மனிதன். ஜன்னலைப் பிடித்திழுத்துப் பெரிதாக்கினால் வரி எண்ணிக்கை மாறுமே! இரும்பு முனையம் அப்படி வளர்ந்ததில்லை. "ஜன்னலின் அளவு மாறிவிட்டது" என்று நிரலுக்குத் தட்டிச் சொல்ல ஒரு புதிய சைகையே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. இன்றும் தொடர் கம்பி வழியே ஒரு கருவியோடு பேசும்போது இந்தச் செய்தி போய்ச் சேராது. நீண்ட கட்டளை வரி தன் தலைமீதே மடிந்து விழும். 'ரீஸைஸ்' என்ற சிறு கட்டளை திரையையே அளந்து கேட்டுச் சரி செய்யும்.

டெர்ம் என்ற மாறியைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கக் கோப்பில் அதற்கு ஒரு பெயரை நிரந்தரமாக எழுதி வைப்போர் பலர். அது நோய்க்கு மருந்தன்று. ஜன்னல் திறக்கும்போதே தன் பெயரைத் தானே அறிவிக்கிறது; நாம் அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினால் யூனிக்ஸிடம் பொய் சொன்னவர் ஆகிறோம். தொலைவிலுள்ள கணிப்பொறி "இந்த முனையத்தை அறியேன்" என்று சொன்னால், அந்த அகராதிப் பதிவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதே முறை. அவசரத்துக்கு எக்ஸ்டெர்ம் என்று அப்போதைக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை நாம் சொன்னதெல்லாம் ஆங்கில எழுத்தைப் பற்றியது. நம் எழுத்து இந்த ஜன்னலுக்குள் எப்படி நுழைந்தது? விமான் நகரிலிருந்து நகரத்தின் மறுபக்கம், கணேஷ்கிண்ட் பகுதிக்குச் செல்வோம். அங்கே பல்கலைக் கழக வளாகத்தில் நெடுங்காலம் இயங்கியது சி-டாக் என்னும் உயர்கணிப்பு வளர்ச்சி மையம். 1988-இல் மத்திய அரசு தோற்றுவித்த நிறுவனம் இது. 1991-இல் பரம் 8000 என்ற பெருங்கணிப்பொறியைச் செய்து புகழ் பெற்றது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோன வேறொரு பணிதான் நமக்கு முக்கியம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-களின் தொடக்கத்தில் தேவநாகரியைக் காட்டும் முனையம் ஒன்றில் தொடங்கிய முயற்சி, மோகன் தாம்பே போன்ற பொறியியலாளருடன் புணேக்கு வந்தது. 'ஜிஸ்ட்' என்பது அதன் பெயர். தனிக் கணிப்பொறியில் செருகும் அட்டையாகவும், யூனிக்ஸ் பொறிகளோடு இணைக்கும் முனையமாகவும் அது வெளிவந்தது.

ஜிஸ்டுக்கு அடிப்படை 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறை. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் இதை 1991-இல் 13194 என்ற எண்ணில் தரமாக வெளியிட்டது. ஆங்கிலக் குறிகள் ஏழு பிட்டில், 0 முதல் 127 வரை அடங்கிவிடும். எட்டாவது பிட் சேர்ந்தால் இன்னும் 128 இடம் கிடைக்கும். இஸ்கி நம் எழுத்துக்களை அந்த மேல் மாடியில் குடி வைத்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே வரிசை என்பது அதன் தனிச்சிறப்பு. தமிழ்க் ககரத்துக்கும் மராத்திக் ககரத்துக்கும் ஒரே எண்: 179. எந்த வரிவடிவில் காட்டுவது என்பதைத் தனியே சொல்லிவிட்டால், மராத்தியில் பதிந்த பெயரைத் தமிழ் எழுத்திலும் பார்க்கலாம். வர்க்க எழுத்துக்கள் தமிழில் இல்லாமையால் அந்தத் தோற்றம் முழு நிறைவானதன்று. ஆயினும், கடைப்பலகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் போன்றோருக்கு அந்த எண்ணம் இனிக்கிறது.

இனிமையை எஸ்டிடிஒய் கெடுத்துவிடக்கூடும். டெலிடைப் காலத்தில் எட்டாவது பிட்டுக்கு எழுத்தாகும் உரிமை இல்லை. கம்பியில் பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்கும் காவலாக அது நின்றது. உள்ளே வந்ததும் யூனிக்ஸ் அதை உரித்து எறிந்துவிடும். அந்தப் பழைய விதியோடு தமிழை அனுப்பினால் என்ன ஆகும்? 179-லிருந்து 128 உதிர்ந்தால் மிச்சம் 51. அது '3' என்ற இலக்கத்தின் எண். ககரம் மூன்றாகிவிடும். மகரத்தின் எண் 204. அது 76 ஆகி ஆங்கில 'எல்' என நிற்கும். யூனிக்ஸ் முனையத்தில் இந்திய எழுத்து வேண்டுவோர் முதலில் செய்ய வேண்டியது, எட்டுப் பிட் செல்லட்டும், உரிக்க வேண்டாம், காவல் வேண்டாம் என்று எஸ்டிடிஒய்-க்கு மூன்று வார்த்தை சொல்வதே. சிறு அமைப்புதான், ஆனால் ஒரு மொழி இருப்பதும் இல்லாமற் போவதும் அதில் தொங்கின.

இஸ்கியை அமைத்தவர்களின் நிதானத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. மேல் மாடியின் முதல் 32 இடங்களை, அதாவது 128 முதல் 159 வரை, அவர்கள் தொடவில்லை. முனையங்கள் அந்த எண்களைக் கட்டளைகளாகக் கொள்ளக்கூடும் என்பதை அறிந்து, எழுத்துக்களை 161-லிருந்து தொடங்கினார்கள். 1990-களின் பிற்பகுதியில், தமிழுக்கென்றே 'திஸ்கி' என்ற குறியீடு பிறந்தது. அதை ஆக்கியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள். நம்மினும் தொலைவில் இருந்தவர்கள். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முத்து நெடுமாறன் போன்றோர் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி அமைத்தது அது. எழுத்தின் வடிவங்களையே வரிசைப்படுத்தியதால், தக்க எழுத்துரு இருந்தால் போதும், சாதாரண ஜன்னலிலும் தமிழ் தோன்றியது. அந்த எளிமையால்தான் இணையத்தில் தமிழ் விரைந்து பரவியது. ஆனால் இடநெருக்கடியில் சில எழுத்துக்கள் அந்த 32 இடத்துக்குள்ளும் குடியேறின. எக்ஸ்டெர்ம் அவற்றில் சிலவற்றைக் கட்டளை என்று எண்ணி விழுங்கும். தொடர்ந்து வரும் எழுத்துக்களும் அதோடு போகும். திஸ்கியினரைக் குறை கூற நமக்கு மனமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வாசகரை எட்டுவது. கறுப்பு ஜன்னலில் தமிழ் தேடியவர் மிகச் சிலரே.

உலக எழுத்துக்கள் யாவற்றுக்கும் பொதுவான யூனிகோட் 1991-இல் முதற் பதிப்பாக வெளிவந்தது. இந்திய எழுத்து வரிசைகளை அது 1988-ஆம் ஆண்டின் இஸ்கியை ஒட்டியே அமைத்துக்கொண்டது. ஒரே மாடியில் குடியிருந்த மொழிகளுக்கு அங்கே தனித்தனி வீடு கிடைத்தது. மராத்திக் ககரத்தின் எண் 2325, தமிழ்க் ககரத்தின் எண் 2965. இவ்வளவு பெரிய எண்களைப் பழைய கம்பியில் எப்படி அனுப்புவது? 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் உணவு விடுதி ஒன்றில் உண்டுகொண்டே கென் தாம்ஸனும் ராப் பைக்கும் ஒரு முறையை வகுத்தனர். உணவுத் தட்டின் கீழ் விரிக்கும் காகிதத்தில் தாம்ஸன் அதை எழுதினார். யு.டி.எஃப்.-8 என்பது அதன் பெயர். யூனிக்ஸை ஆக்கியவரே இருபது ஆண்டு கழித்து உலக மொழிகளுக்கும் அதில் வழி திறந்தார் என்பது நினைக்கத் தக்கது. தமிழின் ஒவ்வொரு குறியும் இம்முறையில் மூன்று பைட்டு.

மீண்டும் வந்து நிற்பது அந்த அழிக்கும் விசையிடம். ககரத்தைத் தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை அழுத்தினால், பழைய யூனிக்ஸ் ஒரே ஒரு பைட்டைத்தான் நீக்கும். திரையில் ஓர் இடம் அழிந்து எழுத்து மறைந்துவிடும். நினைவிலோ இரண்டு பைட்டு எஞ்சி நிற்கும். கண் ஒன்று சொல்ல யந்திரம் வேறொன்று வைத்திருக்கும். 2004-இல் லினக்ஸில் 'ஐயுடிஎஃப்8' என்ற அமைப்பைச் சேர்த்து இதைத் தீர்த்தார்கள். எஸ்டிடிஒய்-யோடு ஒரு சிறு கோடும் ஏ எழுத்தும் சேர்த்துத் தட்டினால் வரும் நீண்ட பட்டியலில் அந்தப் பெயரின் முன் கோடு இருந்தால் அமைப்பு மூடியிருக்கிறது என்று பொருள்.

தீர்த்தார்கள் என்றோம், ஆங்கிலமல்லாத ஐரோப்பிய எழுத்துக்களுக்குத் தீர்ந்தது. நமக்குப் பாதிதான். வி.டி.100 தந்த 80 கட்டம் இன்னும் ஆள்கிறது. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டம் கொள்ளும் என்று ஜன்னலும் நிரலும் ஒத்துப்போக வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த மார்கஸ் கூன் எழுதிப் பலரும் எடுத்தாண்ட சிறு நிரல் இதற்கு யூனிகோடின் பகுப்பைப் பின்பற்றியது. அந்தப் பகுப்பின்படி, தமிழில் புள்ளிக்கும் ஈகார மேற்சுழிக்கும் கட்டம் இல்லை. அவை முன்னெழுத்தின் மேலேயே அமர்ந்துவிடும். மற்ற உயிர்க்குறிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. ஆகவே 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம். நெடில் ஒடுங்கிக் குறில் விரிகிறது! தமிழ் ஆசிரியர் எவரும் கேட்டால் சிரிப்பார்.

நம் பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'விமான் நகர்' என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஆறு. யூனிகோட் குறிகள் பத்து. பைட்டு முப்பது. கட்டம் எட்டு. இடைவெளியை இதில் சேர்க்கவில்லை. நான்கு கணக்கும் தத்தம் அளவில் சரியே. மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ இருக்கும் நம்மவர் தம் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டு, பட்டியலைத் திறந்ததும் வரிசை கோணலாக நிற்பதைக் கண்டு, "எழுத்துருவில் பிழை" என்று மாற்றிக்கொண்டே இருப்பதைக் காண்கிறோம். எழுத்துரு அழகைத் தரும். கட்டக் கணக்கைத் தராது. சப்பானியர் ஆக்கிய எம்எல்டெர்ம் போன்ற சில ஜன்னல்கள் இந்திய எழுத்தின் சேர்க்கையை அறிந்து காட்டுகின்றன. முதலில் ஜன்னலை மாற்றிப் பார்ப்பது பயன் தரும்.

ஜன்னலில் எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறிப் போனால், 'ரீஸெட்' என்று தட்டினால் போதும். எழுத்தல்லாத கோப்பு ஒன்றை யாரோ திரையில் கொட்டியிருப்பார்கள். அதில் தற்செயலாக இருந்த 27-ஆம் எண், வி.டி.100-இன் சித்திர எழுத்துக்களைக் கேட்டிருக்கும். அது எளிய நோய். எளிதில் தீராததைக் காண விரும்புவோர் தம் கணிப்பொறியிலேயே ஒரு சோதனை செய்யலாம். கறுப்பு ஜன்னலைத் திறந்து 'கேட்' என்ற கட்டளையை மட்டும் கொடுத்து, அடுத்த வரியில் விமான் நகர் என்று தமிழில் தட்ட வேண்டும். பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். பல லினக்ஸ் கணிப்பொறிகளில் திரையில் எஞ்சுவது 'விமான் நக'. இப்போது என்டரைத் தட்டினால், யந்திரம் தன்னிடம் உள்ளதை அடுத்த வரியில் திருப்பிச் சொல்லும்: 'விமான் நகர'.